வாடகைக்கு அபார்ட்மென்ட் எடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாடகை கட்டுப்படியாகுமா, எத்தனை அறை வேண்டும், வேலைக்குப் போகும் தூரம் என்ன என்பதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வீடு பார்க்கவே கிளம்பியிருப்பீர்கள். அதனால் உள்ளே நுழைந்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வராதீர்கள். எல்லாவற்றையும் திறந்து, போட்டு, அணைத்துப் பாருங்கள். காட்ட வந்தவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் தண்ணீர். ஷவரைத் திறந்துவிட்டு, அது ஓடும்போதே சமையலறைக் குழாயையும் திறந்து, ஃப்ளஷையும் அழுத்துங்கள். ஷவர் நூலாக இளைத்தால், காலையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளம்பும் குடும்பத்துக்கு அந்த வீடு சரிப்படாது. குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் மட்டும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே உள்ள வளைகுழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அந்த நாற்றத்தைத் தடுக்கிறது; பூட்டிக் கிடந்த வீட்டில் அது வற்றியிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மற்ற அறைகளைப் பார்த்து வாருங்கள். அப்போதும் நாறினால் கோளாறு குழாயில்.

அடுத்து ஈரம். சுவர் முழுக்கப் பழைய பெயின்ட், ஒரு மூலை மட்டும் புதுசு என்றால் அங்கே கை வைத்துப் பாருங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் அலமாரி இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். அலமாரிக்குள் பெரும்பாலும் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, அதனால் அது பொய் சொல்லாது. அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தால், அது சுவருக்குள் ஊறிய தண்ணீர் வெளியே தள்ளிய உப்பு. "பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்பது இதற்குத் தீர்வே இல்லை.

பலரும் விட்டுவிடுவது மின் மீட்டர். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் உள்ள சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். 3200 என்று அச்சிட்ட மீட்டரில் அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். எல்லாம் அணைந்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால், அது உங்கள் மீட்டரே இல்லை, அல்லது மாடிப்படி விளக்கோ வேறு யார் வீட்டுச் சுமையோ அதில் ஏறியிருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பிடித்துப்போனால் இருட்டிய பிறகு இன்னொரு முறை போங்கள். மேல்மாடி வீடு என்றால் இது கட்டாயம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில்தான் சூட்டைக் கக்கும். படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடுகிறதா, மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் ஃபோன் பேசிப் பாருங்கள். காலி செய்து போகிறவரைப் பார்க்க முடிந்தால் ஏன் போகிறார் என்று கேளுங்கள். தயங்கிவிட்டுப் பதில் சொன்னால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது வாடகைத் தொகையை அல்ல, வெளியேறும் வழியை. எத்தனை மாத நோட்டீஸ், குறைந்தபட்சம் எவ்வளவு காலம் இருந்தாக வேண்டும், இடையில் போனால் என்ன பிடிப்பார்கள், முன்பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும்? "சேதத்துக்குப் பிடித்தம் உண்டு" என்று மொட்டையாக எழுதியிருந்தால், இயல்பான தேய்மானம் அதில் சேராது என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆணி அடித்த ஓட்டைக்கும் மங்கிய பெயின்ட்டுக்கும் உங்கள் பணம்தான் போகும். மோட்டார், கசிவு, வயரிங் ரிப்பேர் யார் செலவு என்பதும் எழுத்தில் வரவேண்டும். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், பேசுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கையெழுத்துப் போடுகிறவர்தான் உரிமையாளரா என்று வீட்டு வரி ரசீதில் பெயரைப் பாருங்கள். பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், இடைத்தரகர் கையில் கொடுக்க வேண்டாம்.

சாவி வாங்கும் அன்று, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். உடைந்த டைல், கீறல், மீட்டர் அளவு எல்லாம் அதில் தெரியட்டும். அன்றைக்கே அதை உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.