பெல்ட் வழுக்கினால் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வீட்டில் மரம் கடையும் லேத் வைத்திருக்கிறேன். 1 எச்.பி., நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார். மோட்டாரில் 50 மி.மீ. புல்லி, லேத்தில் 100 மி.மீ.; பெல்ட் ஏ-40 (ஏ வகை வி பெல்ட், 40 அங்குலம்). உளியைச் சற்று அழுத்தினாலே பெல்ட் வழுக்கி, கருகிய வாடை வருகிறது. இறுக்கிக் கட்டினால் மோட்டார் பேரிங் சுடுகிறது. 2 எச்.பி. மோட்டார் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: வேண்டாம். வில்லங்கம் அந்தச் சின்னப் புல்லியில் இருக்கிறது. ஏ பெல்ட்டுக்கு 75 மி.மீ.க்குக் குறைந்த புல்லி ஆகாது. 1 எச்.பி.யை முழுதாகக் கடத்த, 50 மி.மீ. புல்லியில் பெல்ட் சுமார் 20 கிலோ இழுக்க வேண்டும். 75 மி.மீ. என்றால் 13 கிலோ சொச்சம் போதும். இதே புல்லியில் 2 எச்.பி. மாட்டினால் 40 கிலோ! மோட்டார் விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

மோட்டாரில் 75, லேத்தில் 150 போடுங்கள். வேகம் மாறாது, அதே 720 சுற்றுதான். பழைய பெல்ட் எட்டாது. மோட்டாரை நகர்த்த இடமில்லையென்றால் ஏ-45 வாங்குங்கள். பெல்ட் எண் அங்குலத்தில், புல்லி மில்லிமீட்டரில்! யார் செய்த ஏற்பாடோ, அவதி நமக்கு.

கடையில் "பி பெல்ட் போடுங்க, நல்லா பிடிக்கும்" என்பார்கள். நம்பாதீர்கள். அது 17 மி.மீ. அகலம்; 13 மி.மீ. அகல ஏ பெல்ட்டுக்கு வெட்டிய புல்லிக் காடியில் (பள்ளத்தில்) மேலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். வி பெல்ட் பிடிப்பது பக்கச் சுவரில். காடியின் அடி பளபளத்தால் புல்லி தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். துளை பெரிதான புல்லியைத் தகரம் சுற்றி ஷாஃப்டில் அடித்துத் தருவதும் நடக்கிறது. புல்லி ஆட்டம் போடும், பேரிங் போகும். வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உள்பக்கம் பல் வெட்டிய ஏ பெல்ட் சற்றுச் சிறிய புல்லியிலும் வளையும். பல்லைப் பார்த்து டைமிங் பெல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். டைமிங் பெல்ட்டுக்குப் புல்லியிலும் பல் வேண்டும். பல் வெட்டிய ஏ பெல்ட்டுக்கு அது தேவையில்லை, அதன் பல் வளைவதற்கு மட்டுமே, பிடிப்பது இதிலும் பக்கச் சுவர்தான். ஆனாலும் உங்கள் 50-க்கு இதுவும் தாங்காது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். இரு புல்லி முகத்திலும் நேரான சட்டம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். பெல்ட்டின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தினால் 6 மி.மீ. அமுங்கட்டும். புது பெல்ட் சில மணி நேர ஓட்டத்தில் தளரும். அப்போது ஒருமுறை இறுக்கினால் போதும்.