எல்லோரையும் ஊதிப் பார்க்கச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. 30 ஆண்டுகளாகப் பீடி புகைக்கிறார். காலையில் சளியோடு இருமுகிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள், எல்லோருக்கும் நுரையீரலையும் சோதித்தால் பின்னால் ஆகும் செலவு குறையாதா?

பதில்: உங்கள் கணவருக்குச் செய்ய வேண்டியது வேறு, ஊருக்குச் செய்ய வேண்டியது வேறு.

அவருக்கு அறிகுறிகள் இருப்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டியிருந்தால் முதலில் சளியைச் சோதித்து, காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி, அதாவது கருவிக்குள் ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை, செய்யுங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். இந்த அறிகுறிகளுக்குக் காரணமாக இருக்கக்கூடிய நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (மூச்சுக்குழாய்கள் குறுகிப்போகும் சிஓபிடி) தொடக்க நிலையில் பெரும்பாலும் அதில் தெரியாது.

ரத்த அழுத்தத்தை அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் பக்கவாதத்தைத் தடுக்க முடிகிறது. ஆகவே அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. மூச்சிரைப்பே இல்லாதவருக்கு முன்கூட்டி இன்ஹேலர் கொடுப்பதால் அவர் நலமாகவோ நீண்ட நாளோ வாழ்வார் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-இலும் 2022-இலும் அத்தகையவர்களுக்கு இச்சோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு என்கிறோம். ஆனால் முதுமையில் இந்த அளவு தானாகவே குறைவதால், நோயில்லாத முதியவரும் நோயாளி என்று கணக்காகி மாதந்தோறும் இன்ஹேலர் வாங்க நேரிடலாம். ஊதும் கருவியின் விலையை மட்டும் கணக்கிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சிக்கனமான வழி, முதலில் கேட்பது, பிறகு ஊதவைப்பது. இங்கிலாந்தின் மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் 54 பொது மருத்துவ நிலையங்களில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், புகைப்பழக்கம் உள்ள அல்லது முன்பு இருந்த 40 முதல் 79 வயதுக்காரர்களிடம் அறிகுறிகளைக் கேட்டு, இருப்பதாகச் சொன்னவர்களை மட்டும் சோதித்தார்கள். வேறு காரணத்துக்காக நிலையத்துக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்டபோது ஒரு நோயாளியைக் கண்டறிய 376 பவுண்டு செலவானது. வீட்டுக்கும் கேள்வித்தாள் அனுப்பியபோது 333 பவுண்டே ஆனது. நம் ஊரில் இப்படிக் கேட்பதானால், விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்காகச் சமைத்த பெண்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பீடியை நிறுத்துவதற்கு மட்டும் பரிசோதனை முடிவு வரும்வரை உங்கள் கணவர் காத்திருக்க வேண்டாம்.