தலையைச் சற்றே நகர்த்திப் பாருங்கள்: முப்பரிமாணம் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 3டி படங்களையும் ஹோலோகிராமையும் பற்றியவை. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 3டி படம் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றினால் திரையில் உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, மாட்டிக்கொண்டால் ஒன்றாகிவிடுகின்றன. அந்த மலிவான பிளாஸ்டிக் கண்ணாடிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டு ஒளி வடிகட்டிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆழத்தை உண்டாக்கும் வேலையைச் செய்வது உங்கள் மூளை. நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கண்களை மாற்றி மாற்றி மூடினால், பின்னால் உள்ள சுவரின் மீது விரல் இடமும் வலமுமாகத் தாவுவதைக் காணலாம். இந்தத் தாவலின் அளவைக் கொண்டே மூளை தூரத்தைக் கணிக்கிறது என்பதை 1838ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதால், அவர் இரண்டு கோட்டோவியங்களை வரைந்து, இரு ஆடிகளின் உதவியால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வோர் ஓவியத்தைத் தனித்தனியே காட்டினார். இன்றைய திரையரங்கு செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

ஒரே திரையில் விழும் இரு படங்களில் எதை எந்தக் கண்ணுக்கு அனுப்புவது என்பதுதான் சிக்கல். பெரும்பாலான அரங்குகளில் இதற்குத் தளவிளைவு, அதாவது ஒளியலையின் அதிர்வை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருவது, பயன்படுகிறது. இடக்கண்ணுக்கான படத்தின் ஒளி ஒரு திசையிலும் வலக்கண்ணுக்கான படத்தின் ஒளி எதிர்த்திசையிலும் சுழலும்படி ப்ரொஜெக்டரின் முன்னே அமைக்கிறார்கள். கண்ணாடியின் ஒவ்வொரு வில்லையும் தனக்குரிய சுழற்சியை மட்டும் உள்ளே விடுகிறது. ஒற்றை ப்ரொஜெக்டர் உள்ள அரங்கில் இரு படங்களும் மாறி மாறித்தான் விழுகின்றன. நொடிக்கு 24 படச்சட்டங்கள் கொண்ட படத்தில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கண்ணுக்கும் மும்மூன்று முறை காட்டுவதால் நொடிக்கு 144 வீச்சுகள் ஆகின்றன. அந்த வேகத்தில் மாற்றம் நமக்குத் தெரிவதில்லை. சாதாரண வெள்ளைத் திரை ஒளியைச் சிதறடித்துத் தளவிளைவைக் கலைத்துவிடும் என்பதால் உலோகப் பூச்சுக் கொண்ட திரை தேவைப்படுகிறது. வெள்ளித்திரை என்று நாம் வழக்கில் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது. வடிகட்டிகள் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதால்தான் படம் மங்கலாகத் தோன்றுகிறது. அது உங்கள் கண்ணின் குறை அன்று.

அந்தக் கண்ணாடி கைவசம் இருந்தால் அதை அணிந்துகொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வில்லை கன்னங்கரேலென்று தெரியும். மூடிய கண்ணோ தெளிவாகத் தெரியும்! எதிரொளிக்கும்போது சுழற்சியின் திசை தலைகீழாகிவிடுவதால், உங்கள் வில்லையிலிருந்து சென்ற ஒளி திரும்பி வரும்போது அதே வில்லைக்கு அந்நியமாகிவிடுகிறது. மாறாக, திறந்த கண் தன்னையே கண்டு, மற்றது கறுத்துத் தெரிந்தால், உங்களிடம் இருப்பது நேர்கோட்டுத் தளவிளைவைப் பயன்படுத்தும் வேறு வகைக் கண்ணாடி. அவ்வகைக் கண்ணாடியை அணிந்தவர் பக்கத்து இருக்கைக்காரரின் தோளில் தலை சாய்த்தால் உருவங்கள் இரட்டையாகத் தொடங்கும்.

கேள்வி: 3டி படம் பார்த்தால் எனக்குத் தலைவலி வருகிறது. கண்ணுக்குத் தீங்கா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தீங்கு அன்று, குழப்பம். அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் மூக்கை நோக்கித் திரும்புகின்றன. கண்ணின் வில்லையும் உடனே அத்தூரத்துக்கு ஏற்பக் குவிகிறது. பிறந்ததிலிருந்து இவ்விரண்டும் சேர்ந்தே நடந்து பழகியவை. 3டி படத்தில் ஒரு பறவை உங்கள் மூக்குக்கு எதிரே பறந்து வரும்போது, கண்கள் அந்தப் பறவையை நோக்கித் திரும்புகின்றன, ஆனால் ஒளி உண்மையில் தொலைவில் உள்ள திரையிலிருந்தே வருவதால் வில்லை அங்கேதான் குவிந்தாக வேண்டும். இந்த இழுபறிதான் பலருக்குச் சோர்வையும் தலைவலியையும் தருகிறது. பொருள்களைப் பார்வையாளரின் மடியில் கொண்டுவந்து கொட்டும் காட்சிகளில் இது அதிகம்; அத்தகைய காட்சிகளை அடுக்குவது இயக்குநரின் ரசனைக்குறைவு என்பது என் எண்ணம். நடுவரிசைக்குப் பின்னால் அமர்ந்து பாருங்கள். அதன் பிறகும் உருவங்கள் ஒன்றுசேராமல் இரண்டாகவே தெரிந்தால், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இரு கண்களின் ஒத்துழைப்பில் உள்ள சிறு குறைகள் பலருக்கு இப்படித்தான் முதன்முதலாகத் தெரியவருகின்றன.

1984இல் இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ மலையாளத்தில் வெளிவந்தபோது, கண்ணாடியால் ‘மெட்ராஸ் ஐ’ பரவுகிறது என்றொரு வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் தூய்மை செய்யப்படுகின்றன என்று பிரபல நடிகர்களே தோன்றி விளக்கும் ஒரு பகுதியைப் படத்தின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாதவர் அணிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு அணிவதில் தவறில்லை. தலைவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: பத்தாண்டுகளுக்கு முன் ஆசையாக வாங்கிய 3டி தொலைக்காட்சி இப்போது கடைகளில் கண்ணில் படுவதே இல்லையே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த பெரிய நிறுவனங்களான எல்ஜியும் சோனியும் 2017இல் கைவிட்டுவிட்டன. நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் பார்க்கும் ஒன்றுக்காக நான்கு கண்ணாடிகளைத் தேடிக்கொண்டிருக்க எந்த வீட்டிலும் யாருக்கும் பொறுமை இல்லை.

கேள்வி: மறைந்த பாடகர்களையும் தலைவர்களையும் மேடையில் ‘ஹோலோகிராம்’ ஆகத் தோன்றச் செய்கிறார்கள். தில்லியில் நேதாஜி சிலையும் அப்படி வைக்கப்பட்டது. காற்றில் உருவத்தை உண்டாக்குவது எப்படி இயல்கிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: காற்றில் யாரும் எதையும் உண்டாக்கவில்லை. 2022 ஜனவரி 23 அன்று இந்தியா கேட் அருகே திறந்துவைக்கப்பட்ட, 28 அடி உயரமுள்ள நேதாஜி உருவம், 90 விழுக்காடு ஒளி ஊடுருவும் திரையொன்றின் மீது 30,000 லூமென் திறனுள்ள 4கே ப்ரொஜெக்டரால் வீழ்த்தப்பட்டது என்று அரசின் அறிவிப்பே தெரிவித்தது. அத்திரை கண்ணுக்குத் தென்படாதபடி நிறுத்தப்பட்டிருந்ததால் உருவம் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றியது.

மேடைகளில் தோன்றும் பாடகர்கள் பெரும்பாலும் இன்னும் பழைய உத்தியைச் சேர்ந்தவர்கள். குளிர்சாதன ரயில் பெட்டியில் இரவில் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர், இருண்ட வயல்களுக்கு மேலே தன் முகம் கூடவே மிதந்து வருவதைப் பார்த்திருப்பார். அந்த முகம் கண்ணாடியின் மேல் ஒட்டியிருப்பதாகத் தோன்றாமல் அதற்கு அப்பால் நிற்பதாகத் தோன்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மேடையில் 45 பாகைச் சாய்வில் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி, பார்வையாளருக்குத் தெரியாத பள்ளத்தில் ஒருவரை வெளிச்சத்தில் நிற்கவைத்து, அவரை ஆவியாக மேடையில் உலவவிட்டார்கள், 1862இல், லண்டனில். ஹென்றி டர்க்ஸ் என்பவர் கண்ட வழியை ஜான் ஹென்றி பெப்பர் அரங்கேற்றியதால் அதற்குப் ‘பெப்பரின் ஆவி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று கண்ணாடிக்குப் பதில் மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், ஆளுக்குப் பதில் காணொளி.

உண்மையான ஹோலோகிராம் இவற்றிலிருந்து அடியோடு வேறுபட்டது. 1947இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திறனைக் கூட்ட வழி தேடிக்கொண்டிருந்த டென்னிஸ் காபர் அதைக் கண்டுபிடித்தார். 1971இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். சாதாரணப் புகைப்படம், ஒளி எவ்வளவு வந்தது என்பதை மட்டும் பதிகிறது. எத்திசையிலிருந்து வந்தது என்ற செய்தி தொலைந்துபோகிறது. காபரின் முறையில், பொருளிலிருந்து வரும் ஒளியலையோடு மற்றொரு நேரடி அலையை மோதவிட்டு, அவற்றின் குறுக்கீட்டால் உண்டாகும் மிக நுண்ணிய வரிகளைப் பதிகிறார்கள். பிறகு அவ்வரிகளின் மீது ஒளியைப் பாய்ச்சினால், பொருளிலிருந்து கிளம்பிய அதே அலை மீண்டும் கிளம்புகிறது. பொருள் அங்கே இல்லை. ஆனால் அதன் ஒளி இருக்கிறது. ஆகவே தலையை நகர்த்தினால் முன்னால் உள்ள பொருளுக்குப் பின்னே மறைந்திருந்தது எட்டிப்பார்க்கும். பதிவுத் தகட்டை உடைத்தால், ஒவ்வொரு துண்டிலும் காட்சி முழுவதும் இருக்கும், சிறிய சாளரத்தின் வழியே பார்ப்பதுபோல. பதியும்போது தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு அசைவுகூட எல்லாவற்றையும் அழித்துவிடும். லேசர் 1960இல் பிறந்த பிறகுதான், எம்மெட் லீத், யூரிஸ் உபாட்னிக்ஸ் ஆகிய இருவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நல்ல ஹோலோகிராம்களை எடுக்க முடிந்தது.

மேடை உருவத்தைச் சோதிக்கவும் இதே வழிதான். அரங்கின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நடந்து பாருங்கள். பாடகரின் மறுகன்னம் தெரியாவிட்டால், நீங்கள் பார்ப்பது தட்டையான படம். உண்மை ஹோலோகிராம் ஒருவேளை உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கலாம்: பழைய வங்கி அட்டைகளில் பளபளக்கும் பறவைச் சின்னத்தை விளக்கொளியில் பக்கவாட்டில் திருப்பினால் கோணம் மாறும்; மேலும் கீழும் திருப்பினால் நிறம் மட்டும் மாறும். வெள்ளொளியிலும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செங்குத்துத் திசையின் ஆழத்தைத் தியாகம் செய்த இம்முறை 1968இல் ஸ்டீபன் பென்டன் கண்டது.

அப்படியானால் ஹோலோகிராம் தொலைக்காட்சி ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். ஹோலோகிராமின் வரிகளைக் காட்டும் திரைக்கு ஒளியலையின் நீளத்தளவு நுண்மை வேண்டும்; அந்த நீளம் ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீட்டர்). நல்ல கைப்பேசித் திரையின் ஒரு பிக்சலோ 50 மைக்ரோமீட்டருக்கு மேல். நீளத்தில் நூறு மடங்கும் அகலத்தில் நூறு மடங்கும் நுண்மை வேண்டுமென்றால், அதே திரையில் பத்தாயிரம் மடங்கு பிக்சல்கள் வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மண்டையோட்டை முப்பரிமாணத்தில், எலும்பு நிறத்தில், சுழற்றிக் காட்டினார்கள். அது கேமராவால் எடுத்ததா? நிறம் உண்மையா? (வாசகி, சேலம்)

பதில்: அங்கே கேமராவும் இல்லை, நிறமும் இல்லை. எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றிவந்து பல கோணங்களில் அளக்கும் நிழல்களிலிருந்து, உள்ளே எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி என்று கணினி கணக்கிடுகிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியால் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் மூளை படமாக்கப்பட்டபோது ஒரு குறுக்குவெட்டில் 80க்கு 80 கட்டங்களே இருந்தன. இன்று வழக்கமாக 512க்கு 512. அவர் பெயராலேயே வழங்கும் அளவுகோலில் காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0, எலும்பு பல நூறு. ‘300க்கு மேல் உள்ளதை மட்டும் காட்டு’ என்று கணினிக்குச் சொன்னால் தோலும் தசையும் மறைந்து எலும்பு நிற்கும். எலும்பின் மஞ்சள் சாயலும் நிழலும் மென்பொருள் பூசியவை. அந்த அழகிய உருவம் எலும்பு முறிவின் போக்கை விளக்கவும் அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடவும் உதவும். ஆனால் மருத்துவர் நோயைத் தேடுவது பெரும்பாலும் சாம்பல் நிறக் குறுக்குவெட்டுகளில்தான். திரை தட்டையானது என்பதால், தலையை நகர்த்துவதற்குப் பதிலாக உருவத்தைச் சுழற்றி ஆழத்தை உணரச் செய்கிறார்கள்.

கேள்வி: சிறு வயதிலேயே எனக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. 3டி எனக்கு எட்டாக்கனிதானா? (வாசகர், காரைக்குடி)

பதில்: திரையரங்கு 3டி எட்டாது. அது இரு கண்களின் வேறுபாட்டை மட்டுமே நம்பியிருக்கிறது. கண்ணாடி அணிந்தால் உங்களுக்கு இரட்டை உருவம் தெரியாது, ஆனால் படம் தட்டையாகவும் மங்கலாகவும் இருக்கும். நண்பர்களோடு செல்வதானால் சாதாரணக் காட்சிக்கே அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி, தெருவைக் கடக்கும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் நீங்கள் ஆழத்தை உணர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஒன்றை ஒன்று மறைப்பது, தூரத்தில் சிறுப்பது, நிழல் விழுவது, தலையை அசைக்கும்போது அருகில் உள்ளவை விரைவாக நகர்வது எனப் பல குறிப்புகள் ஒற்றைக் கண்ணுக்கே போதுமானவை. அறிவியல் கண்காட்சி ஏதேனும் ஒன்றில் கண்ணாடித் தகட்டில் பதிந்த லேசர் ஹோலோகிராம் இருந்தால், அதன் முன் நின்று மெல்ல இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். முன்னுள்ள பொருள் விலகிப் பின்னுள்ளது வெளிப்படுவதை, இரு கண் உள்ளவர் காண்பதுபோலவே நீங்களும் காண்பீர்கள்.