விமானங்களுக்கு இடையே ‘இடைவெளி மீறல்’ என்றால் என்ன?

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் உள்ள இரு விமானங்கள், விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொலைவைக் காட்டிலும் நெருங்கிவிடுவதே இடைவெளி மீறல். ரேடார் கண்காணிப்பில் பொதுவாகப் பக்கவாட்டில் சுமார் 9 கிலோமீட்டர் அல்லது உயரத்தில் 1,000 அடி இருந்தாக வேண்டும். இரண்டும் ஒருசேரக் குறைந்தால்தான் மீறல். 9 கிலோமீட்டர் தாராளமாகத் தோன்றினாலும், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் விமானங்கள் அதை 18 நொடிகளில் தின்றுவிடும். அதற்குள் கட்டுப்பாட்டாளர் கவனித்து ஆணையிட, விமானி அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து விமானத்தைத் திருப்பியாக வேண்டும். நெடுஞ்சாலையில் முன்செல்லும் லாரிக்குப் பின்னால் நாம் விடும் தூரமும் இத்தகைய அவகாசம்தான்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தோடு மோதியதில் 349 பேர் இறந்தனர்.

ஆனால், மீறல் என்றாலே மயிரிழையில் தப்பிய விபத்து என்று பலர் எண்ணுவது சரியன்று: 9 கிலோமீட்டர் வேண்டிய இடத்தில் 8 இருந்தாலும், உயர இடைவெளியும் போதாதபோது, அது மீறலாகவே பதிவாகும்.