கிரீஸ்தான் உங்கள் செயினைத் தேய்க்கிறது

வணக்கம் நண்பரே. உசிலம்பட்டிச் சாலையில் தினமும் ஓடும் 1988 புல்லட், வாராவாரம் வாட்டர் சர்வீஸ், செயினில் நிறைய கிரீஸ், ஆனாலும் கரகரவென்ற சத்தமும் இறுகிய கிளட்சும் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கிரீஸை முதலில் நிறுத்துங்கள். அது செயினின் உள்ளே இருக்கும் உருளைகளுக்குப் போய்ச் சேராது. மேலேயே தங்கிப் புழுதியைப் பிடித்து அரைக்கும் களிம்பாகிவிடும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும், கிளிப் போட்ட பூட்டுக் கண்ணியைக் கழற்றிச் செயினை மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். தூரிகையால் தேய்த்து, துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு 90ஆம் எண் கியர் எண்ணெயைக் கண்ணிகளின் உள்பக்கம் சொட்டுச்சொட்டாக விட்டு, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். இதில் தவறினால் ஓடும்போதே செயின் கழன்றுவிடலாம். மாட்டியபின் செயின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் செய்தால் விரல் போய்விடும்.

கிளட்ச் கேபிளின் மேல்முனையைக் கழற்றி, பாலிதீன் தாளைப் புனல்போலக் கட்டி, மெல்லிய எண்ணெய் கீழ்முனையில் கசியும்வரை விடுங்கள். இழைகள் பிய்ந்திருந்தால் புதிய கேபிளே போடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் அழுத்தத் தண்ணீர் சக்கர பேரிங்குக்கும் பிரேக் டிரம்முக்கும் உள்ளே புகுந்துவிடும். வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். என் வண்டியில் பின்சக்கர பேரிங் இப்படித்தான் துருப்பிடித்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

சத்தம் அப்படியும் நிற்காவிட்டால் பின்பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் இரண்டு பல்சக்கரங்களையும் செயினையும் சேர்த்தே மாற்றுங்கள்.