பாட்டியை எதிர்த்துப் பேச வைக்கலாமா?

கேள்வி: பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்களை வைத்து நாவல் எழுதுகிறேன். பாட்டி கடைசிவரை தாத்தாவிடம் அடி வாங்கியவள். பேத்தி விவாகரத்து வாங்கிக்கொண்டு வெளியேறுகிறாள். படித்துப் பார்த்த தோழி, “பாட்டி அழுவதற்கென்றே வருகிறாள்” என்கிறாள். முடிவில் பாட்டியையும் எதிர்த்துப் பேச வைத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. காலமெல்லாம் வாய் திறக்காதவள் கடைசி அத்தியாயத்தில் முழங்கினால் அது உங்கள் குரலாகத்தான் கேட்கும். ஆனால் தோழி சொன்னதில் நியாயம் இருக்கிறது. அழுவதைத் தவிர பாட்டிக்கு நீங்கள் வேறு வேலையே கொடுக்கவில்லை.

பாமாவின் ‘சங்கதி’ (1994) நாவலைப் படியுங்கள். அதில் வரும் பாட்டியின் கணவன், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இலங்கைக்குப் போனவன், திரும்பவே இல்லை. பஞ்சம் வந்தபோது அவள் தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். அதே பாட்டிதான் பேரன்களைத் தாங்கு தாங்கென்று தாங்கி, பேத்திகளைப் பின்னுக்குத் தள்ளுகிறாள். அவளைத் தெய்வமாக்காமல் விட்டதால்தான் அவள் நம் மனத்தில் நிற்கிறாள்.

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கவலை அதுதான். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வரும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, விஷயம் வெளியே தெரியாமல் அணைத்துக்கொள்கிறாள் தாய். அதே சம்பவத்தை வைத்து அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் (1970) தாய் அலறுகிறாள். அண்ணன் பெண்ணை வீட்டைவிட்டே துரத்துகிறான். நடந்த கொடுமை இரண்டிலும் ஒன்றே. அடுத்த சில நிமிடங்களில் தாய் செய்ததுதான் ஒரு வாழ்க்கையின் போக்கையே மாற்றுகிறது. தண்ணீர் ஊற்றித் தூய்மையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்ணிடம் அழுக்கு எங்கே இருந்தது, கழுவுவதற்கு? ஆனாலும் தாயின் பொறுப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கதைகள் குறைவு.

ஆகவே அடி விழும் காட்சிகளைக் குறையுங்கள். ஒன்று போதும். மறுநாள் காலையில் தாத்தாவுக்குக் காப்பி போட்டது யார், அதை யார் கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதுங்கள். காப்பியைக் கொண்டுபோன சிறுமிதான் அம்மா என்றால், பிற்பாடு புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நிற்கும் மகளிடம் அவள் முதலில் என்ன சொல்வாள்? “கொஞ்சம் பொறுத்துப் போ” என்றுகூடச் சொல்லலாம், தயங்காமல் எழுதுங்கள். பேத்தியின் விவாகரத்தையும் இரண்டு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அவள் கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் கதைக்குள் வர வேண்டும்.