‘பார்மட் பண்ணணும்’ என்றால் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, உபுண்டு (லினக்ஸ் வகை சிஸ்டம்) இரண்டும் உண்டு. மகன் கோவைக்குப் படிக்கப் போகுமுன் போட்டுக் கொடுத்தான். நாலைந்து விசைப்படகுகளின் டீசல், ஐஸ் கணக்கை உபுண்டுவில்தான் எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மெயின் சுவிட்சை அணைத்துக் கடையைப் பூட்டிவிட்டேன். ஜூன் நடுவில் திறந்தால், எதைத் திறக்கட்டும் என்று கேட்கிற மெனு வரவில்லை, நேராக விண்டோஸுக்குப் போகிறது. அன்றைக்குத் தேதிகூடப் பழைய வருஷத்தைக் காட்டியது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டினேன். “பூட் போச்சு, பார்மட் பண்ணி ரெண்டையும் புதுசா போடணும், 3,500 ரூபாய்” என்கிறார்கள். கணக்கு போய்விடுமா? இனி இப்படி ஆனால் நானே மீட்டுக்கொள்ள மெனுவிலேயே ஏதாவது வசதி வைக்க முடியுமா?

பதில்: முதல் வேலையாகப் பெட்டியை அந்தக் கடையிலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். மெனு என்பது வழி சொல்லும் கைகாட்டிப் பலகை. உச்சிப்புளிப் பக்கம் பலகை காற்றில் சாய்ந்துவிட்டால் ராமேஸ்வரமே இல்லை என்று யாரும் திரும்பிப் போவதில்லை. உங்கள் கணக்கு வன்தட்டில் தன் இடத்தில்தான் இருக்கும். ஆனால் பார்மட் செய்த பிறகு இருக்காது.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: தேதி பழைய வருஷத்தைக் காட்டியது. மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். சீமாஸ் பேட்டரி என்பார்கள், மேலே 2032 என்று பொறித்திருக்கும். கடிகாரமும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளும் அதன் தயவில் நிற்பவை. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. நீங்கள் 61 நாள் மெயினை அணைத்துப் போட்டீர்கள், ஏற்கெனவே கிழடான பேட்டரி உயிரை விட்டது. போர்டு தான் பிறந்தபோது இருந்த அமைப்புக்குத் திரும்பி, முதலில் கண்ணில் பட்ட விண்டோஸைத் திறக்கிறது. தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு எனக்கு வருகிற அழைப்புகளில் இதே கதை வருஷம் தவறாமல் உண்டு.

புது பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையதை எடுங்கள். நம் கடலோரத்தில் அதைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்வியிலும் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அழிரப்பரால் நாலு தேய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், எழுத்து உள்ள பக்கம் மேலே.

பிறகு கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலிட் பொத்தானை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம் அது. தேதியைச் சரிசெய்யுங்கள். பூட் என்ற பகுதியில் முதலிடத்தில் ‘உபுண்டு’ வர வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாந்து, “உபுண்டுவே இல்லை, அழிஞ்சுபோச்சு” என்று முடிவு கட்டுகிறார்கள். பல போர்டுகள் ஒரு வன்தட்டுக்கு ஒரே ஒரு பெயரைத்தான் வெளியே காட்டும். அதே பக்கத்தில் கீழே ‘பிபிஎஸ் பிரையாரிட்டீஸ்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதற்குள் போனால் விண்டோஸும் உபுண்டுவும் மேலும் கீழுமாக இருக்கும். உபுண்டுவை மேலே ஏற்றி, எஃப் 10 அழுத்திச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். மெனு வந்துவிடும்.

பயாஸுக்குள் போகத் தயக்கமாக இருந்தால், அந்த ஒரு தடவைக்கு மட்டும் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பொத்தான் உண்டு. ஏசஸ் போர்டில் எஃப் 8, எம்எஸ்ஐயில் எஃப் 11, ஜிகாபைட்டில் எஃப் 12. எல்லாருக்கும் ஒரே பொத்தான் என்று வைக்க இத்தனை வருஷத்தில் இவர்களுக்கு மனம் வரவில்லை. உங்களுடையது எது என்று கண்டுபிடித்ததும் மார்க்கர் பேனாவால் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மெனுவுக்குள் மீட்பு வசதி ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உபுண்டு என்ற வரிக்குக் கீழே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்று. அதற்குள் பழைய கெர்னலும் (உபுண்டுவின் மையப் பகுதி), ‘ரெக்கவரி மோடு’ என்று முடியும் வரிகளும் இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு பாதியில் நின்றால் முதலில் பழைய கெர்னலைத் தொடுங்கள், முக்கால்வாசி நேரம் அதுவே போதும். கரண்ட் போய் வந்த பிறகு தகராறு என்றால் ரெக்கவரி மோடில் ‘எஃப்எஸ்சிகே’ என்பது வன்தட்டைச் சோதித்துச் சரிசெய்யும். ‘ரூட்’ என்பதைத் தொடாதீர்கள். அது கடவுச்சொல்கூடக் கேட்காமல் முழு அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிடும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் விளையாட்டாகத் தட்டினாலும் கொடுக்கும்.

மெனு நிதானமாக நிற்க வேண்டும் அல்லவா? இந்த மெனுவைக் காட்டும் நிரலுக்கு க்ரப் என்று பெயர். ஈடிசி என்ற அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்று ஒரு கோப்பு. மகனைப் போனில் வைத்துக்கொண்டு மூன்று வரிகளைப் பாருங்கள். டைம்அவுட் என்ற வரியில் 10 இருக்கட்டும். டைம்அவுட் ஸ்டைல் வரியில் ‘ஹிட்டன்’ இருந்தால் ‘மெனு’ ஆக்குங்கள். ‘டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்’ வரியின் முன்னால் இருக்கும் கட்டக்குறியை (#) எடுத்துவிட்டு ‘ஃபால்ஸ்’ என்று வையுங்கள். 2021-இல் வந்த க்ரப் 2.06-லிருந்து, பக்கத்தில் வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று தேடுவதை இயல்பில் நிறுத்திவிட்டார்கள். இந்த வரி இல்லாவிட்டால் மெனுவில் விண்டோஸ் காணாமல் போய், மறுபடி யாராவது பார்மட் என்பார். கடைசியாக அப்டேட்-க்ரப் கட்டளையைச் சூடோ சேர்த்து ஓட்டினால் மாற்றம் பதியும்.

ஆனால் மெனுவே வராதபோது மெனுவுக்குள் இருக்கிற மீட்பு எதற்கு ஆகும்? அதனால் இரண்டு பென்டிரைவ் வேண்டும். ஒன்றில் உபுண்டு. அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள், ஆறு ஜிபி அளவில் வரும், 8 ஜிபி பென்டிரைவ் போதும். மற்றதில் விண்டோஸ் ரெக்கவரி டிரைவ். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடினாலே வரும், அதற்கு 16 ஜிபியாவது வேண்டும். இரண்டிலும் முன்பு இருந்ததெல்லாம் அழியும், கல்யாண வீடியோ உள்ள பென்டிரைவை எடுத்து நீட்டாதீர்கள். செய்ததோடு அலமாரியில் போடாமல், அதிலிருந்து கம்ப்யூட்டர் எழுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் ‘யூஈஎஃப்ஐ’ என்று தொடங்குவதையே தேர்ந்தெடுங்கள். உபுண்டு பட்டியலிலேயே இல்லை என்ற நிலை வந்தால், இந்தப் பென்டிரைவில் ‘ட்ரை உபுண்டு’வுக்குள் போய், இணையம் கொடுத்து, பூட் ரிப்பேர் என்ற கருவியை நிறுவி அது பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பை ஓட்டுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் கை போகவே கூடாது.

பார்மட் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த வியாதிக்கும் அங்கே ஒரே மருந்துதான். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டு சிஸ்டம் வைத்திருந்த பலருடைய லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. பயாஸில் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்புச் சோதனையைத் தற்காலிகமாக அணைத்தால் திறந்திருக்கும். அதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை வன்தட்டுகள் துடைக்கப்பட்டனவோ! உண்டாக்கியவர்களே அதைத் தீர்க்க 2025 மே வரை எடுத்துக்கொண்டார்கள். இப்போது “விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, புதுசு வாங்குங்க” என்று அடுத்த பாட்டு. 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. உங்கள் மெனுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காசு கொடுக்காமல் விண்டோஸை ஓடவைக்க, கடையில் ஆக்டிவேட்டர் என்று எதையாவது ஏற்றியிருந்தால் படகுக்காரர்களின் ஆதார், வங்கி விவரங்களை விண்டோஸ் பக்கம் வைக்காதீர்கள்.

லேப்டாப் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று, கொஞ்சம் நீளும். புதிய விண்டோஸ் லேப்டாப்புகளில், வன்தட்டையே பூட்டி வைக்கும் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ கேட்காமலே இயங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் தெரியும். அது இருக்கும்போது செக்யூர் பூட்டைத் தொட்டால், சில லேப்டாப்புகளில் க்ரப் மெனு வழியாக விண்டோஸைத் திறந்தாலேகூட, நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்கும். ஆறாறாக எட்டுத் தொகுதி. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் லேப்டாப் விற்றவர், “நானே செட் பண்ணித் தர்றேன்” என்று தன் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தார். சாவி கேட்ட நாளில் அவர் வளைகுடாவில், பழைய நம்பர் மாறியிருந்தது. அவரைத் தேடிப் பிடிக்கப் பதினொரு நாள் ஆனது. கிடைக்காமல் போயிருந்தால் அந்த லேப்டாப்பில் இருந்த படங்களை நானல்ல, யாராலும் எடுத்திருக்க முடியாது. ஆகவே பயாஸைத் தொடுவதற்கு முன்பே, உங்கள் கணக்குதானா என்று பார்த்து, 48 எண்களையும் காகிதத்தில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே கோப்பாக வைத்து என்ன பயன்? பெட்டிக்குள்ளேயே சாவியைப் போட்டுப் பெட்டியைப் பூட்டியது போலத்தான்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். எல்லாம் சரியான பிறகு, உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டக்கூடும். கடிகாரத்தில் உலக நேரத்தை வைப்பது உபுண்டுவின் வழக்கம், உள்ளூர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். பேட்டரி மறுபடி போய்விட்டது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். உபுண்டுவில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் ‘செட் லோக்கல் ஆர்டிசி’யை 1 ஆக்கச் சொன்னால் மகனுக்குப் புரியும். ஒரு வரி வேலை.